முடியரசும் குடியுரிமையும்

(ராயப்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் இலங்கை ராஜாங்க முறையைப் பற்றிச் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், இலங்கைத் தீவில் 1948 முதல் 1972 வரை நடந்துவந்த ராஜாங்க முறையைப் பற்றியதாகும். துண்டு நோட்டீசைப் படித்த ஒரு தோழர் வழியில் என்னைச் சந்தித்து, "இலங்கையில் ராஜா இருந்தால் ராயப்பேட்டைக்கு என்ன, ராணி இருந்தால் ராயப்பேட்டைக்கு என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ராஜாங்கத்தில் லட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகள் ஒரே சட்டத்தினால் எந்த நாட்டுக்கும் உரியவர்களல்ல என்று ஆக்கப்பட்டார்கள். அவர்களில் பல லட்சம் பேர் பிறகு நம்முடைய கரையிலேதான் வந்து இறங்கினார்கள். ஆகவே இது நம்முடைய விஷயந்தான்.

முதலில் பேருக்கு ராஜா என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராயப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கண்முன்பாகவே அமீர் மகால் நிற்கிறது. 1855-ல் கர்நாடக நவாப் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, கம்பெனியார் அந்தப் பட்டமே ஒழிந்தது என்று சொல்லிவிட்டார்கள். சேப்பாக்கம் அரண்மனையும் போயிற்று. பின்பு 1867-ல் "ஆற்காட்டு இளவரசர்" என்று ஒரு புதுப் பட்டம் கொடுத்து, மானியமும் கொடுத்தார்கள். 1876 முதல் அந்தக் குடும்பம் அமீர் மகாலில் வசித்து வருகிறது. இந்தியா குடியரசான பிறகும் அந்தப் பட்டம் தொடர்ந்தது. பட்டம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. ஆனால் இந்த ராயப்பேட்டையில் ஒரு தெருவிளக்கை ஏற்றச் சொல்லி உத்தரவு போட அந்தப் பட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. அக்குடும்பத்தாரைக் குறை கூறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பட்டம் வேறு, அதிகாரம் வேறு என்பதற்குக் கண்கண்ட திருஷ்டாந்தமாகச் சொல்லுகிறேன்.

இலங்கையில் இருந்த ராஜா இப்படிப்பட்டவர்தான் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சொல்லுவார்கள். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆற்காட்டு இளவரசர் பேரால் யாரும் சட்டம் செய்வதில்லை. இலங்கையிலோ எல்லாச் சட்டமும், எல்லா உத்தியோகமும், எல்லா வழக்கும் ராஜாவின் பேரால் நடந்தன. அதிகாரம் வேறொருவன் கையில், பேர் வேறொருவன் தலையில். இந்த ஏற்பாட்டில் தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இலங்கைக்குச் சொந்தத்தில் ராஜா இல்லாமல் இல்லை. கண்டியிலே கடைசியாக ஆண்ட ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் நம்மவர் வழிதான். கண்ணுசாமி என்று பேர். மதுரைப் பக்கத்து நாயக்கர் வமிசம். 1815-ல் அவருடைய பிரதானிகளே வெள்ளைக்காரனோடு சேர்ந்து அவரைக் காட்டிக்கொடுத்தார்கள். இங்கே கொண்டுவந்து வேலூர்க் கோட்டையிலே வைத்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்துபோனார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இன்றும் இருக்கிறது. பிரதானிகள் வெள்ளைக்காரனோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒரு ஷரத்தைக் கவனியுங்கள். பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் காப்பாற்றித் தருகிறோம் என்று கிறிஸ்தவ ராஜாங்கம் எழுதிக் கொடுத்தது. நாடு போகட்டும், மதம் இருந்தால் போதும் என்று பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாட்டை விற்றவனும் மதத்தைக் காப்பாற்றியவன் என்ற பேரை வாங்கிக்கொள்ளலாம் என்பது எந்தத் தேசத்திலும் உள்ள வியாபாரம்தான்.

பிறகு 1833-ல் சட்டசபை வந்தது. அதில் ஜனங்களுக்கு இடமில்லை. கவர்னர் நியமித்தவர்களுக்குத்தான் இடம். 1911-ல் முதன் முதலாக "படித்த இலங்கையருக்கு" என்று ஒரே ஒரு ஸ்தானம் ஒதுக்கி எலெக்ஷன் வைத்தார்கள். ஓட்டர்கள் சுமார் 3,000 பேர். தமிழராகிய பொன்னம்பலம் இராமநாதன் ஒரு பக்கம், சிங்களவராகிய டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ மற்றொரு பக்கம். இராமநாதன் ஜெயித்தார். இதைப் பார்த்து, ஆஹா, சிங்களவரும் தமிழரும் என்ன ஒற்றுமை என்று சொல்லத் தோன்றும். உண்மை என்னவென்றால், பெர்னாண்டோ கரையார் ஜாதி. சிங்களவரில் மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்ளும் கொய்கமக்காரர் பலர், தங்கள் இனத்துக் கரையானைவிட வேறு இனத்து வேளாளன் மேல் என்று ஓட்டுப் போட்டார்கள். சிங்களம், தமிழ் என்ற சண்டை பிற்பாடு வந்தது. ஜாதி அதற்கும் முந்தியது.

அதே இராமநாதன் அவர்கள், 1928-ல் டொனமூர் கமிஷன் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று சிபார்சு செய்தபோது, அதை எதிர்த்து மனு எடுத்துக்கொண்டு சீமைக்கே போனார். அவர் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர். சிறை வைக்கப்பட்ட சிங்களவர்களுக்காக 1915-ல் வாதாடிய தீரர். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சமனுக்கும் பெண்ணுக்கும் கூலிக்கும் ஓட்டு என்றால் மட்டும் உலகம் முழுகிப்போய்விடும் என்று பயம் வந்துவிட்டது. அவருடைய பயத்தையும் மீறி 1931-ல் இலங்கையிலே 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. நமக்கு அது கிடைக்க 1950-ல் அரசியல் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆசியாக் கண்டத்திலேயே அது பெரிய காரியம்.

ஆனால் அப்போதே ஒரு ஓட்டை போட்டு வைத்தார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும், "நீ இங்கே நிரந்தரமாக இருக்கப் போகிறாயா? அதற்கு ரூபகாரம் என்ன?" என்று ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது. எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு ஒருவனிடம் மட்டும் சீட்டுக் கேட்பது போல.

இனி 1948-ன் ராஜாங்க அமைப்பைச் சொல்லுகிறேன். இது சோல்பரி பிரபு தலைமையில் வந்த கமிஷன் சிபார்சின்மேல் உண்டானது. 1947-ல் எலெக்ஷன், 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம். உச்சியிலே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ். 1952-க்குப் பிறகு எலிசபெத் ராணி. அவர் வெறும் இங்கிலாந்து ராணி அல்ல, "இலங்கை ராணி" என்றே அவருக்குப் பட்டம். 1954-ல் ஒருமுறை வந்து பார்த்துவிட்டும் போனார். அவருக்குப் பதிலாக உள்ளூரில் ஒரு கவர்னர் ஜெனரல். நமக்கும் 1947 ஆகஸ்டு முதல் 1950 ஜனவரி வரை இதே ஏற்பாடுதான் இருந்தது. நம் ராஜாஜி அவர்கள்தான் கடைசிக் கவர்னர் ஜெனரல். நாம் இரண்டரை வருஷத்தில் அதை விட்டோம், அவர்கள் 24 வருஷம் வைத்திருந்தார்கள்.

பார்லிமெண்டு இரண்டு சபை. கீழ்ச்சபையாகிய பிரதிநிதிகள் சபையில் 101 பேர்; அதில் 95 பேர் ஓட்டினால் வருகிறவர்கள், 6 பேர் கவர்னர் ஜெனரல் நியமிக்கிறவர்கள். மேல்சபையாகிய செனட்டில் 30 பேர். 15 பேரைக் கீழ்ச்சபை தேர்ந்தெடுக்கும், 15 பேரைப் பிரதம மந்திரி சொல்லுகிறபடி கவர்னர் ஜெனரல் நியமிப்பார். அதாவது செனட்டில் ஒருவருக்காவது பொதுஜனம் நேராக ஓட்டுப் போடுவதில்லை. 1960 ஜூலையில் உலகத்திலேயே முதல் பெண் பிரதம மந்திரியாக ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் வந்தது எல்லாரும் அறிந்தது. பெண்கள் சபையில் அதைப் பெருமையாகச் சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த எலெக்ஷனில் அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. செனட் நியமனத்தின் வழியாக வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முறை விளங்கும்.

கவர்னர் ஜெனரல் பொம்மைதானே என்று கேட்பீர்கள். எப்போதும் பொம்மை இல்லை. 1952 மார்ச்சில் முதல் பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அடுத்தவர் யார்? கட்சியில் மூத்தவர் சர் ஜான் கொத்தலாவலை என்று பலர் நினைத்தார்கள். கவர்னர் ஜெனரலாயிருந்த அதே சோல்பரி பிரபு, இறந்தவரின் மகன் டட்லியைக் கூப்பிட்டுப் பதவியைக் கொடுத்தார். அடுத்த வருஷம் டட்லி விலகினார். அப்போது வந்தவர் அந்தக் கொத்தலாவலைதான், அவரும் அதே குடும்பம். அந்தக் கட்சியின் பேரில் உள்ள மூன்று எழுத்துக்கு "மாமன் மருமகன் கட்சி" என்று இலங்கையர்கள் அர்த்தம் சொல்லிச் சிரித்தார்கள். எதிர்க்கட்சி மட்டும் யோக்கியமோ? பண்டாரநாயக்கா, பிறகு அவர் மனைவி, பிறகு 1994-ல் அவர் மகள். நம் ஊரிலும் இதைப் பார்க்கிறவர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ராஜாவுக்குப் பின் ராஜா மகன் என்பதை மடமை என்று சொல்லிவிட்டு, மந்திரிக்குப் பின் மந்திரி மகன் என்றால் மட்டும் மாலை போடுகிறோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இலங்கை மலையிலே முதலில் காப்பி, அது நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலை. அந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன ஏழைகள். பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர் முதலிய, ஊரிலே குளத்தில் இறங்கவிடாத ஜாதியார். மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்துபோகையில் வழியிலேயே செத்தவர்கள் கணக்கில்லை. போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு லயத்திலே பத்தடி அறை, விடியற்காலையில் பெரட்டுக்களம், அட்டைக்கடி, துரைக்குச் சலாம். இப்படித் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 1946 ஜனக்கணக்கின்படி இலங்கையின் மொத்த ஜனத்தொகை சுமார் 66 லட்சம். இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம். தீவின் செல்வமெல்லாம் அந்தக் கொழுந்துக் கூடையிலிருந்துதான் வந்தது.

1947 எலெக்ஷனில் இவர்களும் ஓட்டுப் போட்டார்கள். இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 6 ஸ்தானம் கிடைத்தது. வேறு பல தொகுதிகளில் இவர்களுடைய ஓட்டு இடதுசாரிகளுக்குப் போயிற்று. சேனநாயக்காவின் கட்சிக்குக் கிடைத்ததோ 95-ல் 42 தான். சுயேச்சைகளையும் நியமன அங்கத்தினரையும் சேர்த்துக்கொண்டுதான் மந்திரிசபை அமைத்தார்கள். கூலிக்காரன் கையில் ஓட்டு இருந்தால் அடுத்த முறை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

ஜனங்கள் பிடிக்காத சர்க்காரை மாற்றுவது ஜனநாயகம். சர்க்கார் பிடிக்காத ஜனங்களையே மாற்றிவிடுவது என்ன நாயகம்? அதைத்தான் செய்தார்கள். 1948-ல் 18-ம் நெம்பர் பிரஜா உரிமைச் சட்டம். 53 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு. அதன்படி இலங்கையிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனைப் பெற்ற பாட்டனும் அந்தப் பாட்டனுடைய தகப்பனும் இலங்கையிலே பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். லயத்திலே பிறந்தவனிடம் முப்பாட்டன் பிறந்த சர்ட்டிபிகேட் கேட்டால் எங்கே போவான்? சேனநாயக்கா குடும்பத்தாரிடமே கேட்டிருந்தால் பிறப்பு ரிஜிஸ்தர் இல்லாத காலத்து முப்பாட்டனுக்கு என்ன அத்தாட்சி காட்டியிருப்பார்கள்? ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்பது யாரிடம் என்பதில்தான் சட்டமே இருக்கிறது.

தோழர்களே! இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதா? "உன் கோத்திரம் என்ன? உன் பாட்டன் யார்?" என்று கேட்டு, அதன்மேல் ஒருவன் உள்ளே போகலாம், ஒருவன் வெளியே நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பதை நாம் வெகுகாலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஊரிலே ஜாதியைக் கேட்டு வெளியே நிறுத்தினவனிடமிருந்து தப்பித்துக் கடல் தாண்டிப் போனான். கடலுக்கு அந்தப் பக்கத்திலும் பிறப்பைக் கேட்டார்கள்.

1949-ல் இரண்டாவது சட்டம் வந்தது. வேண்டுமானால் மனுப்போடுங்கள், இத்தனை வருஷம் விடாமல் வசித்ததற்கு ருஜுக் காட்டினால் பதிவு செய்கிறோம் என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுப்போட்டார்கள். 1960-களின் முற்பகுதி வரையில் பதிவானவர்கள் சுமார் 1,34,000 பேர். இடையில் தாயைப் பார்க்கத் திருச்சிக்கு வந்து போனவன், தம்பிக்கு ரூபாய் மணியார்டர் செய்தவன் எல்லாம் "இவனுக்கு இங்கே நிலையான எண்ணமில்லை" என்று தள்ளப்பட்டான். தாய்க்குப் பணம் அனுப்பியது குற்றமாயிற்று! அதே 1949-ல் மூன்றாவதாக, பிரஜை அல்லாதவனுக்கு ஓட்டில்லை என்று எலெக்ஷன் சட்டத்தையும் திருத்தினார்கள். 1952 எலெக்ஷனில் மலையகத் தொழிலாளிகளுக்குப் பிரதிநிதியாக ஒருவரும் பார்லிமெண்டுக்குள் போக முடியவில்லை.

இதிலே இன்னொரு தந்திரத்தைப் பாருங்கள். இலங்கையில் தொகுதி பிரிப்பது ஓட்டர் எண்ணிக்கையை வைத்து அல்ல. ஜனத்தொகையையும் நிலப்பரப்பையும் வைத்து. 75,000 பேருக்கு ஒரு ஸ்தானம், 1,000 சதுர மைலுக்கு ஒரு ஸ்தானம். ஓட்டு இல்லாமற்போன தோட்டத் தமிழனையும் ஜனத்தொகையில் எண்ணினார்கள். அவன் தலையைக் கணக்குக் காட்டி மலைநாட்டுக்கு ஸ்தானங்களை வாங்கிக்கொண்டு, அந்த ஸ்தானத்துக்கு ஓட்டுப் போடும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பந்தியில் இலை எண்ணும்போது நம்மையும் எண்ணி அரிசி வாங்கிவிட்டு, பரிமாறும்போது வெளியே போ என்பது போல.

யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர்கள் என்ன செய்தார்கள்? ஜி. ஜி. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்தார். ஒரு மாதத்துக்குள் அதே சேனநாயக்கா மந்திரிசபையில் சேர்ந்தார். இரண்டாவது சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார். இதைப் பொறுக்காமல் செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி ஆரம்பித்தார்கள். மலையகத்தானுக்கு வந்தது நாளைக்கு நமக்கும் வரும் என்று அவர் கண்டுகொண்டார். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. தோட்டத்தானைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவிடாத யாழ்ப்பாணத்து மேல்ஜாதித் தமிழன், தன் மொழிக்குத் திண்ணை இல்லாதபோதுதான் விழித்தான். எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1930 வாக்கில் பள்ளிக்கூடத்திலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்காரவேண்டும் என்று சர்க்கார் உத்தரவிட்டதற்காக அங்கே பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

இவ்வளவு நடக்கும்போது ராஜா எங்கே? எல்லாச் சட்டத்திலும் அவர் பேரால் ஒப்பம் இருந்தது. சோல்பரி திட்டத்தில் 29-வது பிரிவு என்று ஒன்று உண்டு: மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத கஷ்டத்தை ஒரு சமூகத்தாருக்கு மாத்திரம் உண்டாக்கும் சட்டம் செல்லாது என்று அதில் எழுதியிருந்தது. சிறுபான்மையோரைப் பார்த்து, பயப்படாதீர்கள், உங்களுக்கு இந்தக் காவல் இருக்கிறது, அதற்குமேல் லண்டனிலே பிரிவி கவுன்சில் இருக்கிறது என்றார்கள். அதை நம்பிக் கோடகன் பிள்ளை என்பவர் ஓட்டர் லிஸ்டில் தன் பேரைச் சேர்க்கவேண்டும் என்று வழக்காடினார். விசாரித்த அதிகாரி, இந்தச் சட்டம் 29-வது பிரிவுக்கு விரோதம், செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றிற்று. 1953-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. காரணம் என்னவென்றால், சட்டத்தில் "தமிழன்" என்ற வார்த்தையே இல்லையாம்; எல்லாருக்கும் பொதுவான விதிதானாம்!

ஒரு ஊரில் பொதுக்கிணறு இருக்கிறது. "யாருடைய முப்பாட்டன் இந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தானோ அவன் எடுக்கலாம்" என்று பலகை போட்டால், அதில் பறையன் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது? எல்லாருக்கும் பொதுவான விதிதானே! சேரியிலிருந்து குடத்தோடு வருகிறவளுக்கு மட்டும் அதன் அர்த்தம் உடனே விளங்கும். கற்றறிந்த பிரபுக்களுக்கு விளங்கவில்லை.

இன்னொரு வழக்கு இதைவிட வேடிக்கை. கோடீஸ்வரன் என்ற தமிழ்க் குமாஸ்தா சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்று சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1964-ல் ஜில்லாக் கோர்ட்டு சிங்களச் சட்டம் செல்லாது என்றது. சர்க்கார் அப்பீல். 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று தெரியுமா? சட்டம் செல்லுமா செல்லாதா என்பதைத் தொடவே இல்லை. அரசாங்க உத்தியோகஸ்தன் ராணியின் ஊழியன். ஊழியன் தன் சம்பளத்துக்காக ராணியின்மேல் வழக்குப் போட முடியாது என்று தள்ளிவிட்டது! சம்பளம் கொடுப்பது இலங்கை ஜனங்களின் வரிப்பணம். ராணி இருப்பது ஆறாயிரம் மைலுக்கு அப்பால். ஆனால் கூலியை நிறுத்தும்போது மட்டும் ராணியின் கௌரவம் குறுக்கே வந்து நிற்கிறது. 1969-ல் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம், மொழிச் சட்டத்தைப் பற்றி மறுபடியும் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பிற்று. விசாரிப்பதற்குள் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போகும் வழியையே 1971-ல் அடைத்துவிட்டார்கள். அரசியல் திட்டமும் மாறிவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் இன்றுவரை இல்லை.

ராஜாங்க முறையிலேதான் தோஷம் என்று சிலர் சொல்லுவார்கள். அப்படியானால் மொரீஷியஸைப் பாருங்கள். அதுவும் தீவு; அங்கும் 1834 முதல் நம் நாட்டுக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள்; அங்கும் கரும்புத் தோட்டத்தில் அதே அடி உதை. 1968-ல் சுதந்திரம் வந்தபோது அங்கும் எலிசபெத் ராணிதான் தலை, கவர்னர் ஜெனரல்தான் பிரதிநிதி, அதே பார்லிமெண்டு முறை. ஆனால் அந்த மண்ணிலே பிறந்த கூலி மகனைப் பிரஜை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பீகாரிலிருந்து போன கூலியின் மகன் ராம்கூலம் முதல் பிரதம மந்திரி. அந்த நாட்டு ரூபாய் நோட்டிலே தமிழ் எழுத்து இருக்கிறது. 1992-ல் குடியரசானபோது கடைசிக் கவர்னர் ஜெனரலும் முதல் ஜனாதிபதியுமாக இருந்தவர் வீராசாமி ரிங்காடு. எந்த நாட்டு வழி என்பதைப் பேரே சொல்லுகிறது. அதே கிரீடம், அதே சட்டப் புத்தகம். ஆனால் அங்கே கூலிகளின் சந்ததிதான் பெரும்பான்மை, இங்கே சிறுபான்மை. அவ்வளவுதான் வித்தியாசம். மொரீஷியஸில் எல்லாம் சொர்க்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; அங்கும் எலெக்ஷனில் இன்ன மதத்தான், இன்ன சமூகத்தான் என்று எழுதி வாங்கும் வழக்கம் உண்டு.

சரி, இலங்கையில் 1972 மே 22-ல் ராணியை நீக்கிக் குடியரசு ஆக்கினார்கள். கடைசிக் கவர்னர் ஜெனரல் கோபல்லாவையே முதல் ஜனாதிபதி ஆனார். நாமெல்லாம் சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்ன போயிற்று, என்ன வந்தது என்று பாருங்கள். ராணி போனார், கூடவே அந்த 29-வது பிரிவும் போயிற்று. வந்தது என்ன? பௌத்தத்துக்கு முதன்மையான இடம், அதைக் காப்பாற்றிப் பேணுவது ராஜாங்கத்தின் கடமை என்று எழுதப்பட்ட 6-வது பிரிவு. 1815-ல் வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்ததை 1972-ல் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இத்தனைக்கும், அந்த மதத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஜெயித்த பண்டாரநாயக்காவை 1959-ல் சுட்டுக் கொன்றவனே காவி கட்டிய ஒரு பிக்ஷுதான். மதத்துக்கு எவ்வளவு பலி கொடுத்தாலும் பசி அடங்குவதில்லை. பிறகு 1978-ல் சர்வ அதிகாரமுள்ள ஜனாதிபதி என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ராணிக்கு இல்லாத அதிகாரமெல்லாம் அவருக்கு உண்டு. 2022 ஜூலையில் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்து ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடச் செய்ததையும் பார்த்தோம்.

மலையகத்தார் கதையை முடிக்கவில்லை. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் டில்லியில் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். இதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். 1974-ல் அந்த மீதியையும் இந்திரா காந்தி அம்மையார் காலத்தில் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்தார்கள். சந்தையில் ஆட்டுக்குட்டி பிரிப்பதானால்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்துப் பிரிப்பார்கள். இங்கே அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. தகப்பனுக்குக் கப்பல், மகளுக்கு லயம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேசுவரம் வந்த கப்பலில் பிறந்த மண்ணைப் பார்த்து அழுதுகொண்டு வந்தார்கள். வந்து இறங்கினது தாங்கள் ஒருநாளும் பார்த்திராத "தாய்நாடு". மண்டபம் முகாம், பிறகு நீலகிரியிலும் வால்பாறையிலும் சர்க்கார் தேயிலைத் தோட்டங்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றுவரை "சிலோன்காரன்" என்று பேர். அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். இலங்கையிலே மீந்தவர்களுக்கு 1988-லும் 2003-லும் சட்டம் செய்துதான் முழுப் பிரஜா உரிமை வந்தது. 1948-ல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 வருஷம் ஆயிற்று.

கடைசியாக, பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "முகாம்களில் இன்னும் இருக்கிறவர்களில் மலையக வழி வந்தவர்களும் உண்டே, அவர்கள் பாட்டன் இந்தியன்தானே, இங்கே பிரஜா உரிமை கிடைக்காதா?" என்று கேட்கிறார். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. 2019-ல் டில்லி பார்லிமெண்டு செய்த பிரஜா உரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டுப் பேரும், ஆறு மதத்தின் பேரும் இருக்கின்றன. இலங்கையின் பேர் இல்லை. அதே 2019-ல் மதுரை ஹைகோர்ட்டுக் கிளை, இந்திய வழி வந்தவர்களின் மனுக்களைச் சர்க்கார் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகையால் சீட்டு எழுதிய தோழருக்கு அப்படிப்பட்ட உறவினர் இருந்தால், பாட்டனாருடைய பழைய பாஸ்போர்ட்டு, ஒப்பந்தக் காலத்துக் குடும்ப அட்டை, தோட்டத்துப் பதிவுத் துண்டு, எது கிடந்தாலும் குப்பை என்று எறியாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். நகல் எடுத்து இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது.